மாஷிக்கு வைத்த நான்கு செடிகள்

எங்கள் அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் அவர் கழுத்தில் விழும் மாலைக்கான பூ வளாகத்துக்குள்ளேயே பறித்ததாக இருக்கும். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேயருக்கு வரும் மல்லிகையும் ரோஜாவும், அங்கிருந்து பஸ் ஏறி ரங்கத் வந்து சேர்வதற்குள் பழுப்பேறிவிடும். அதனால் முப்பது வருடமாக ஒரே ஏற்பாடுதான். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை பாதையின் இரண்டு பக்கமும் நிற்கும் இட்லிப்பூச் செடிகளிலிருந்து அப்பா காலையில் கொத்துக் கொத்தாக வெட்டிக் கொடுப்பார். அம்மா வாழைநாரில் வைத்துக் கட்டுவார். மூன்று மணிக்கு சாப், அதாவது பெரிய அதிகாரி, அதை எடுத்து, போகிறவர் கழுத்தில் போடுவார். பிறகு எல்லோரும் வெளியே வந்து, அந்தச் செடிகளுக்கு முன்னாலேயே நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் அலுவலகம் என்று இப்போதுதான் எழுதுகிறேன். அப்போது அது அப்பாவின் அலுவலகம். அவர் அங்கே மாலி. தோட்டக்காரரைத் தீவில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். அவர் ஓய்வு பெற்ற நாளில் அவர் கழுத்தில் அந்த மாலை விழவில்லை. அதற்குக் காரணம் நான்.

அப்பா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பத்து வயதில் பெற்றோரோடு கப்பலேறி, ரப்பர் தோட்ட வேலைக்காக இங்கே கொண்டுவரப்பட்டவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடுவார், ஆனால் அது எழுதுவது போல இருக்காது, கோலம் போடுவது போல இருக்கும், ஒரு சுழி விடுபட்டால் முதலிலிருந்து தொடங்குவார். செடியை வெட்டுவதை அவர் 'கவ்வாத்து' என்பார். நான் மெயின்லேண்டில் தோட்டக்கலை டிப்ளமோ சேர்ந்த முதல் வாரம், வாத்தியார் கரும்பலகையில் 'கவாத்து' என்று எழுதினார். எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொல் என்று நான் நினைத்திருந்தது அங்கே வெள்ளையாக எழுதப்பட்டிருந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையை அப்பாவுக்கு ஃபோனில் சொன்னேன். "அப்போ நமக்குத் தெரிஞ்சதத்தான் சொல்லிக்குடுக்கிறாங்களா? ஃபீஸத் திருப்பிக் கேளு" என்று சிரித்தார்.

அந்த வளாகம் கடலைப் பார்த்த ஒரு சின்ன மேட்டில் இருக்கிறது. அலுவலகமும் அதையொட்டி கெஸ்ட் ஹவுஸும். ஒரு ஏக்கர்கூட இருக்காது, ஆனால் அதற்குள் நான்கைந்து விதமான மண். கடல் பக்கச் சரிவில் உப்புக்காற்று நேராக அடிக்கும். அங்கே அப்பா அரளியும் காகிதப்பூவும்தான் வைத்திருந்தார், அதற்கும் முன்னால் தாழை. சமையற்கட்டின் பின்னால் மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை கால் வைத்தால் புதையும், அங்கே கல்வாழை. பெரிய படாக் மரத்தின் நிழலில் பூக்கிற எதுவும் உருப்படவில்லை, குரோட்டன்ஸ் மட்டும் நின்றது. கல்லூரியில் 'இடத்துக்கேற்ற செடித் தேர்வு' என்று ஒரு பாடமே உண்டு. வெயில், நிழல், வடிகால், உப்பு, மண்ணின் புளிப்பு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன். லீவில் வந்து பார்த்தபோது அந்தப் பட்டியல் முழுவதும் இங்கே தரையில் நட்டு வைத்திருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "செத்ததத் திரும்ப அதே எடத்துல வைக்கல" என்றார். அவ்வளவுதான் அவர் பதில்.

கேட்டுப் பாதையில் பக்கத்துக்குப் பதினெட்டாக முப்பத்தாறு இட்லிப்பூச் செடிகள். வெயில் உண்டு, கட்டடம் கடற்காற்றை மறைத்துவிடும், மழைத்தண்ணீர் நிற்காது. செடி பிடித்துப்போய் வளர்ந்த இடம். ஆனால் பார்க்க ஒழுங்காக இருக்காது. ஒன்று இடுப்புயரம் இருந்தால் அடுத்தது முழங்கால் உயரம். ஒன்றில் கொத்துப் பூ, அடுத்ததில் தளிர், அதற்கடுத்தது மொட்டையாக. ஆறு வயதுப் பிள்ளை வாயைத் திறந்தால் பல் வரிசை தெரியுமே, அப்படி. டிப்ளமோ முடித்து வந்த எனக்கு அதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.

அந்தக் கோணல்மாணலுக்கு ஒரு காரணம் இருந்தது. வருடத் தொடக்கத்தில் அப்பா, படாபாபு என்று எல்லோரும் கூப்பிடும் தலைமைக் குமாஸ்தாவின் மேசைக்கு முன்னால் போய் நிற்பார். படாபாபு தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். "என்ன வேய், யார் யாருக்குச் சீட்டுக் கிழியுதுன்னு பார்க்க வந்துட்டீரா?" என்பார். அந்த வருடம் ஓய்வு பெறுகிறவர்களின் பெயரையும் மாதத்தையும் வாசித்துக் காட்டுவார். அப்பா அதை எங்கும் எழுதிக்கொள்ள முடியாது. வெளியே வந்து செடிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு நடை நடப்பார். மார்ச்சில் டிரைவர் போகிறார் என்றால் அவருக்கு இந்த நான்கு. ஜூலையில் ஓவர்சியர், அவருக்கு அந்த நான்கு. யாருக்கு எந்த மாதம் பூ வேண்டுமோ, அதற்கு ஏற்றாற்போல் செடிகளை முன்னும் பின்னுமாக வெட்டுவார். ஒரு நாளும் முப்பத்தாறையும் சேர்த்து வெட்டியதில்லை. பெரும் மழையிலும் வெட்டியதில்லை. அந்த மாதங்களில் போகிறவர்களுக்கான செடியை மழைக்கு முந்தியே வெட்டி முடித்திருப்பார்.

நான் படிப்பு முடித்து வந்த வருடத்தில் அவருடைய பெயரே அடுத்த ஜனவரிப் பட்டியலில் இருந்தது. கூடவே இன்னொரு பெயர், கெஸ்ட் ஹவுஸ் சமையற்காரம்மாவுடையது. அவர் பெங்காலி, எல்லோருக்கும் மாஷி, அதாவது சித்தி. அவரும் அப்பாவும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் பிறந்த தேதி தெரியாது. அந்தக் காலத்துக் குமாஸ்தா ஒரு தமிழர். பொங்கலை நினைத்தோ என்னவோ இருவருக்கும் ஜனவரி பதினைந்து என்று ஒரே தேதியைப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து மாஷிக்கு அப்பா 'ஜுடுவா பாயி', இரட்டைப் பிறவி அண்ணன். "எனக்கு அரை மணி நேரம் முன்னாடி பிறந்தவர், ஆனா புத்தி அரை மணி நேரம் லேட்" என்று ஹிந்தியில் சொல்லிச் சொல்லி முப்பது வருடம் சிரித்திருக்கிறார். அப்பாவும் விடமாட்டார். அவர் வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி கை, வெறும் கடுகு" என்று தமிழில் சொல்லுவார். மாஷிக்குத் தமிழ் புரியாது என்று அவர் நினைப்பு. மாஷிக்கு நன்றாகப் புரியும்.

அக்டோபர் கடைசியில் நான் அப்பாவிடம் கேட்டேன். "உங்களுக்கு எந்தச் செடி வச்சிருக்கீங்க?"

"எனக்கா? ஜனவரி கடைசியில எது பூத்திருக்கோ அது."

"இல்லப்பா. உங்களுக்கு இந்த வரிசை மொத்தமும் பூக்கணும். ஒரே நேரத்துல. ஃபோட்டோவுல பின்னாடி செகப்பா ஒரு சுவர் மாதிரி நிக்கணும். நான் பண்றேன்."

என் நோட்டில் அதற்கு வழி இருந்தது. 'கவாத்து: நவம்பர் முதல் வாரம். பூக்கும் காலம்: பன்னிரண்டு வாரம் கழித்து.' நானே எழுதி அடிக்கோடிட்ட வரி. பிறந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு, ஆகவே ஜனவரி முப்பத்தொன்றிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். கச்சிதமாக வந்தது. இவ்வளவு கச்சிதமாக வந்தது எனக்குக் கடவுள் செயல் போலவே பட்டது.

அப்பா வானத்தைப் பார்த்தார். "மழ இன்னும் போகலயே."

"நவம்பர்லதான் வெட்டச் சொல்லியிருக்கு."

"யாரு?"

"பாடத்துல."

"சரி, படிச்சவங்க யோசிக்காம எழுதியிருக்க மாட்டாங்க. வெட்டு" என்றார். எழுந்து போனவர் திரும்பி வந்து, சமையற்கட்டுப் பக்கம் இருந்த கடைசி நான்கு செடிகளைக் காட்டி, "இந்த நாலத் தொடாத. இது மாஷிக்கு. போன மார்ச்சிலயே வெட்டி வச்சது" என்றார். வரிசை கெட்டுவிடும் என்று வாதாடினேன். "அது அவங்க செடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன். அப்பாவிடம் இருந்தது தாவ், தீவில் தேங்காய் வெட்டவும் காடு வெட்டவும் எல்லோர் வீட்டிலும் இருக்கும் நீளக் கத்தி. சின்னக் கிளைக்கு அதையே மெதுவாகப் பிடித்து இழுப்பார். நான் மெயின்லேண்டிலிருந்து புதுக் கவாத்துக் கத்தரி வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொரு செடிக்கும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். கணுவுக்கு மேலே, சாய்வாக, தண்ணீர் நிற்காதபடி வெட்டினேன். முப்பத்திரண்டு செடியையும் நூல் கட்டி ஒரே முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்து வெட்டுவாயில் எல்லாம் நீலமாகப் பூசினேன். ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை. பரீட்சை வைத்திருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். சாயங்காலம் மாஷி வாசலில் வந்து நின்று பார்த்தார். "பாப் ரே! பரேடுக்கு நிக்கிற போலீஸ் மாதிரி இருக்கு" என்றார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வெட்டிய ஐந்தாம் நாள் வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று ரேடியோவில் சொன்னார்கள். கப்பல்கள் நின்றன, ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகும் நின்றது. எட்டு நாள் வெயில் முகமே இல்லை. அது ஓய்ந்து நான்கு நாளில் அடுத்தது. நான் படித்த ஊரில் மழை என்றால் இரண்டு நாள் பெய்யும், மூன்றாம் நாள் துணி காயும். அந்த நவம்பரைத்தான் நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இங்கே பிறந்து வளர்ந்தவன் நான். நவம்பரில் பள்ளிக்கூடத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போனவன். ஆனாலும் கல்லூரியில் எழுதிய நவம்பர்தான் அசல் நவம்பர் என்று நம்பிவிட்டேன். எங்கள் தீவு நவம்பர் யாரும் எழுதி வைக்காதது. எழுதி வைக்காதது கணக்கில் வராது என்று எனக்குள் எப்போதோ பதிந்துபோயிருந்தது.

பூசியதை மழை கழுவிக்கொண்டு போனது. நான் மறுபடி பூசினேன். மறுபடி கழுவியது. மூன்றாம் முறை குடை பிடித்துக்கொண்டு பூசினேன். அப்பா தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "நனையாத" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் நடுவில் வெட்டுவாயிலிருந்து கருப்பு கீழே இறங்கத் தொடங்கியது. நுனிக்கருகல். அதற்கும் பாடத்தில் ஒரு பக்கம் உண்டு. நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை இல்லை, பழுப்பாக இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை கீழே சுரண்டினால் அங்கேயும் பழுப்பு. தப்பித்த கிளைகளில் வந்த தளிர் பச்சையாக வரவில்லை. வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக, சோகை பிடித்த மாதிரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று முறை கழுவி இறங்கிய சுண்ணாம்பு வேருக்குப் போயிருந்தது. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது. இதையும் நான் படித்துத்தான் இருந்தேன். படிப்பதற்கு முன்னால் பார்த்தும் இருந்தேன். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வரும்போதெல்லாம் அப்பா அந்த வரிசையின் அடியில் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்து அமுக்குவார். பூவில் சொட்டிவிடக்கூடாது என்று செய்கிறார் என நான் நினைத்திருந்தேன். பூ மேலே இருக்கும்போது தார்ப்பாய் எதற்குத் தரையில் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "வராதுப்பா. கருகிடுச்சு."

"தெரியும்" என்றார். "வேரு இருக்கு. வந்துரும். ஜனவரிக்கு வராது, அவ்வளவுதான்."

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி காலையில் அம்மா வழக்கம்போலக் கூடையோடு என்னுடன் வந்தார். பாதையின் இரண்டு பக்கமும் கருப்புக் குச்சிகள். சமையற்கட்டுப் பக்கம் மாஷியின் நான்கு செடிகள் மட்டும் தலை கொள்ளாமல் சிவந்து நின்றன. அப்பா இருந்ததையெல்லாம் வெட்டிக் கூடையில் போட்டார். அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து கட்டத் தொடங்கினார். குரோட்டன்ஸ் இலையை இடையில் வைத்து நெருக்காமல் கட்டியும் ஒரு மாலைக்குத்தான் வந்தது.

"ரெண்டா கட்டட்டுமா? கொஞ்சம் ஒல்லியா இருக்கும்" என்று கேட்டார்.

"அந்தம்மாவுக்குக் கயிறு மாதிரி போடவா? ஒழுங்கா ஒண்ணாவே கட்டு."

"ஊர்ல போறவங்களுக்கெல்லாம் கட்டினேன். உங்களுக்கு மட்டும் இல்லாமப் போச்சு."

"நான் என்ன செத்தா போயிட்டேன், மாலைய நெனச்சு அழுற?" என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அங்கே நின்றிருந்தேன். அம்மா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படாபாபு ரங்கத் பஜாருக்கு ஆள் அனுப்பி ஒரு பிளாஸ்டிக் மாலை வாங்கி வரச் செய்திருந்தார். ரோஜா நிறத்தில், ஜரிகை வைத்தது. லாரிக்குப் பூஜை போடும்போது முன்னால் கட்டுவார்களே, அது. மூன்று மணிக்கு இரண்டு நாற்காலி போட்டு இருவரையும் உட்கார வைத்தார்கள். சாப் முதலில் மாஷிக்குச் சிவப்பு மாலையைப் போட்டார். பிறகு அப்பாவுக்கு அந்த ஜரிகை மாலையை. அது கழுத்தில் படும்போது சரசரவென்று சத்தம் கேட்டது. மாஷி பக்கத்தில் பார்த்தார். உடனே தன் மாலையைக் கழற்றப் போனார்.

"மாலி பாயி, இது உன் செடிப் பூ. நீ போடு. அத என்கிட்ட குடு."

அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "என் செடி இல்ல. உன் செடி. சும்மா உக்காரு."

"பேசற பேச்சப் பாரு. அரை மணி நேரம் மூத்தவன்னு அதிகாரம்." சொல்லிக்கொண்டே மாஷி அழுதுவிட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் உதட்டை இழுத்துச் சிரித்தேன்.

ஃபோட்டோ எடுக்க எல்லோரும் வெளியே வந்தபோது சாப் அந்த வரிசையைப் பார்த்து நின்றார். அவர் மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஹிந்தியில் கேட்டார். "இதென்ன? பழைய ஃபோட்டோவில எல்லாம் பூவா இருக்கே. யார் இப்படி வெட்டினது?"

நான் அப்பாவுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். காலியாகப் போகும் அப்பாவின் இடத்துக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கப்போகிறார்கள், டிப்ளமோ இருப்பதால் என் விண்ணப்பம் சாப்பின் மேசையில் இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"நான்தான் சாப்" என்றார் அப்பா. "கணக்குத் தப்பிப்போச்சு. வயசாயிடுச்சு."

சாப் நல்ல மனிதர். கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவின் தோளில் கை வைத்து, "பரவாயில்ல. உங்க பையன் படிச்சவன், இனிமே முறைப்படி செய்வான்" என்றார். அப்பா தலையாட்டினார். நான் வாய் திறக்கவில்லை. திறக்க நேரம் இருந்தது. ஃபோட்டோக்காரர் எல்லோரையும் போர்ட்டிகோ படிக்கு நகர்த்தி, வெள்ளைச் சுவர் பின்னால் வரும்படி நிற்க வைத்து, இரண்டு முறை எடுத்தார். அவ்வளவு நேரம் இருந்தது.

எல்லோரும் டீ குடிக்க உள்ளே போனார்கள். அப்பாவைக் காணவில்லை என்று தேடினேன். ஜரிகை மாலையைக் கேட்டில் தொங்கவிட்டுவிட்டு, புதுச் சட்டையோடு வரிசையின் முதல் செடிக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் தாவ். கருகிய கிளையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இழுத்து அறுத்தார். வெட்டுவாயைப் பார்த்தார். நடுவில் பழுப்பு வளையம். இன்னும் நான்கு விரல் கீழே அறுத்தார். அங்கே வெள்ளையாக, ஈரமாக இருந்தது. அடுத்த செடிக்கு நகர்ந்தார். நான் கத்தரியை எடுத்துக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனேன். இருட்டும்வரை இருவரும் வெட்டினோம். மழை போய்விட்டிருந்தது. வெட்டுவதற்கு அதுதான் நேரம்.

ஏப்ரலில் எனக்கு வேலை கிடைத்தது. சுண்ணாம்பேறிய மேல்மண்ணைச் சுரண்டி அள்ளிவிட்டு, மக்கிய இலையையும் சாணத்தையும் போட்டு மூடினேன். முப்பத்திரண்டில் ஐந்து போய்விட்டன. மற்றவை ஜூன் மழையில் அடியிலிருந்து தளிர்த்து, செப்டம்பரில் ஒன்றிரண்டு கொத்து வைத்தன. சாப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "படிச்ச மாலி வந்ததும் தோட்டம் எப்படி ஆயிடுச்சு பாருங்க." நான் 'தாங்க்யூ சாப்' என்பேன். ஒவ்வொரு முறையும் அது முந்திய முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

இந்த ஜனவரியில் நான் படாபாபுவின் மேசைக்குப் போனேன். பட்டியல் கேட்டேன். எனக்குப் படிக்கத் தெரியும், தாளை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நின்றுகொண்டே, அவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆகஸ்டில் அவர் பெயரே இருந்தது.

"ஏ தம்பி, எனக்கும் உங்கப்பா மாதிரி ஜரிகைய மாட்டி அனுப்பிராத" என்றார். "முப்பது வருஷம் தப்பாத மனுஷன், கடைசியில தன் கணக்கிலயே கோட்டை விட்டுட்டாரு பாரு."

சாப் அப்போது ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தார். அவருக்கும் விளங்கட்டும் என்று நான் ஹிந்தியில் சொன்னேன். "அப்பா கணக்குத் தப்பல. அந்தச் செடிகள வெட்டினது நான். நவம்பர்ல வெட்டக்கூடாதுன்னு அவருக்குத் தெரியும். நான் கேக்கல. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் சும்மா நின்னேன்."

படாபாபு பேனாவை மூடினார். சாப் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அச்சா" என்றார். பிறகு, "இப்ப எந்த மாசத்துல வெட்டுற?" என்று கேட்டார். "மழை போன பிறகு. எல்லாத்தையும் சேர்த்து இல்ல" என்றேன். தலையாட்டிவிட்டு அறைக்குள் போனார். ஒரு வருடம் நெஞ்சில் வைத்திருந்தது ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது. அதன் பிறகு அவர் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை, தோட்டத்தைப் பற்றி யாரிடமும் பெருமை பேசியதாகவும் நான் கேட்கவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எங்கோ நினைத்திருக்கிறேன் போல. அவருக்குக் கோபம்தான் வந்தது.

"எதுக்குச் சொன்ன? நான் ஒருதடவ சொன்னது சொன்னதுதான். இப்ப அவங்க முன்னால நான் பொய் சொன்னவனா ஆயிட்டேன்ல."

"நான்தானேப்பா பொய்யா நின்னேன்."

"நீ பேசாமதான நின்ன. பேசினவன் நான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல் கேட்டார். "மாஷிக்கு வச்ச நாலு செடியோட அவருக்குன்னு இன்னும் ரெண்டச் சேத்து வைக்கச் சொல்லி நான் அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேன். தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. வாசலுக்குப் போனேன். அப்பா படியில் உட்கார்ந்து கால் நகத்தில் இருந்த மண்ணைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா வைக்கல?"

குச்சியைத் தூக்கிப் போட்டார்.

"உனக்குத் தெரியாம ஒண்ண ஒதுக்கி வைக்கணும்னா, நீ தோத்துருவேன்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்னுதான அர்த்தம். நீ நூலெல்லாம் கட்டி வெட்டிக்கிட்டு இருக்க. எனக்கு மனசு வரல."

பிறகு, படாபாபுவுக்கு எந்தச் செடி என்று கேட்டார். கேட்டுக்கு இடப்பக்கம் மூன்றாவதிலிருந்து நான்கு என்றேன். ஆகஸ்டுக்கு அது போதுமா என்றார். இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் காலை மழை இல்லை. அந்த ஐந்தையும் வெட்டினேன். வெட்டுவாயில் எதுவும் பூசவில்லை, வெயிலே காய வைத்துவிடும். மற்றதைத் தொடவில்லை.